சொல்லடைவு முதல் தரவகம் வரை

எழுதக் கற்பவன் யாரிடம் கற்கிறான்? இலக்கண ஆசிரியரிடம் என்பர் ஒருசாரார். முன்னோர் எழுதிவைத்த எழுத்திடம் என்பர் மற்றொருசாரார். இலக்கியத்தினின்றே இலக்கணம் பிறக்கும் என்னும் கொள்கையுடைய நம் தமிழ் மரபு இரண்டாமவர் பக்கம் சாய்ந்து நிற்பது. மைய அரசின் அலுவலகங்களில் காலங்கழிக்கும் நம்போன்றோர்க்கும் இது புதிய செய்தியன்று. எழுத்தராகப் புகுந்த ஒருவர் கோப்பில் குறிப்பெழுதக் கற்பது நடைமுறைக் கையேட்டைப் படித்தன்று. அலமாரியிலிருந்து பழைய கோப்புகளை எடுத்து, இன்ன வகை விண்ணப்பத்திற்கு முன்னிருந்தவர் எவ்வாறு தொடங்கினார், எவ்வாறு முடித்தார் எனப் பார்த்தே கற்கிறார். பத்துக் கோப்புகளைப் புரட்டினால் பத்திலும் வரும் தொடர் எது, ஒன்றில் மட்டும் வந்த தொடர் எது என்பது தானே விளங்கிவிடும். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் இன்று ‘தரவகம்’ கொண்டு ஆய்வுநடை கற்பிக்கின்றனர் என்று கேள்வியுறும்போது, அந்தக் கோப்பறையே நம் நினைவுக்கு முதலில் வருகிறது.

தரவகம் என்பது யாதெனின், ஒரு மொழியில் உண்மையாக எழுதப்பட்ட, அல்லது பேசப்பட்ட பகுதிகளை ஒரு திட்டத்தோடு திரட்டி, கணிப்பொறியில் தேடத்தக்கவாறு அடைத்து வைத்த தொகுதி. அகராதி சொல்லின் பொருளைக் கூறும். தரவகமோ அச்சொல் எந்தச் சொற்களோடு கூடி வாழ்கிறது என்பதைக் காட்டும். இதன் வரலாற்றையும், தமிழில் ஆய்வுரை எழுதக் கற்பிப்பதற்கு இது எவ்வாறு பயன்படும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் ஆய்வுநடை என ஒன்று ஆங்கிலேயர் வந்த பிறகே தோன்றிற்று என்று கருதுவோர் உளர். இக்கருத்துப் பொருந்தாது. தொல்காப்பியர் தம் நூற்பாக்களில் ‘என்ப’ என்னும் ஒரு சொல்லால், இது தம் கண்டுபிடிப்பன்று, முன்னோர் கூற்று என்று மேற்கோள் காட்டிவிடுகிறார். இன்றைய ஆய்வாளர் அடிக்குறிப்பில் செய்வதை அவர் வினைமுற்றிலேயே செய்து முடித்தார். அவருக்குப் பின் வந்த உரையாசிரியர்கள் ஒரு முழுமையான வாதநடையை வளர்த்தனர். தடையை எழுப்புவதற்கு ‘அஃதேல்’, காரணம் வினவுவதற்கு ‘என்னை எனின்’, முடிவை நிறுத்துவதற்கு ‘என்க’, பொருளை விளக்கி முடிப்பதற்கு ‘என்றவாறு’, உறுதியாகச் சொல்ல இயலாதவிடத்துப் ‘போலும்’ என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வாய்பாடு அவர்களிடம் இருந்தது. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், பரிமேலழகர் முதலியோர் உரைகளை ஒருங்கே வைத்துத் தேடினால், இவ்வாய்பாடுகளுள் யார் எதனை மிகுதியாகக் கையாண்டார் என்பது வெளிப்படும். சேனாவரையரின் மறுப்புக் கூர்மையும் பரிமேலழகரின் சொற்செட்டும் நம் ஆசிரியர்கள் வாயாரச் சொல்லிப் புகழ்ந்தவை. அவற்றை எண்ணிக் காட்டவும் இன்று வழி பிறந்துள்ளது.

எண்ணிக் காட்டும் வேலையின் தொடக்கம் பதிப்பாசிரியர்களிடத்தே உள்ளது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஓலையில் ஒரு சொல்லைக் கண்டால் அது வேறு எங்கெங்கே வந்துள்ளது என்று தேடி, ஒப்புமைப் பகுதிகளைத் திரட்டிக் குறித்துக்கொள்வது அவர்தம் வழக்கம். அவருடைய பதிப்புகளின் இறுதியில் வரும் அரும்பத அகராதிகளை நம்மிற் பலர் புரட்டாமலே மூடிவிடுகிறோம். கணிப்பொறி செய்வதை நினைவாற்றலாலும் கைக்குறிப்புகளாலும் செய்த உழைப்பு அங்கே கிடக்கிறது.

அடுத்த பெரும்படி சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1913-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் பொறுப்பில் வேலை தொடங்கியது. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து 1936-இல் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தார். பின்னர் அநுபந்தம் ஒன்றும் வெளிவந்தது. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்களும், அநுபந்தத்தில் 13,357 சொற்களும் உள்ளன. அவ்வகராதியின் சிறப்பு இவ்வெண்ணிக்கையில் மட்டும் இல்லை. பொருளுக்குச் சான்றாக இலக்கிய மேற்கோளை இடஞ்சுட்டித் தந்தமையே அதன் முதுகெலும்பு. சொல்லை அதன் சூழலோடு காண வேண்டும் என்னும் நெறி அங்கே நிலைபெற்றுவிட்டது.

பின்வந்த இரு முயற்சிகளைத் தில்லித் தமிழர் பலர் அறியார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் நூற் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. பிரெஞ்சுக்காரர் மேற்பார்வையில், தமிழ்ப் புலவர் உழைப்பில், சொற்கள் யாவும் அகர வரிசையில் இடஞ்சுட்டி அடுக்கப்பட்டன. மற்றொன்று திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தது. கேரளப் பல்கலைக்கழகத்தில் வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுச் சொல்லடைவை 1962-இல் வெளியிட்டதோடு அமையாமல், தம் ஆய்வு மாணவர்களை ஆளுக்கொரு பழைய நூலை எடுத்துச் சொல்லடைவும் இலக்கணமும் எழுதச் செய்தார். ஒரு நூலின் அத்தனைச் சொற்களையும் எழுதி அடுக்கிய பின்னரே அதன் இலக்கணம் பற்றி வாய்திறக்கலாம் என்பது அவர் கொள்கை. கருத்தை முதலில் வைத்துச் சான்றைப் பின்னால் தேடும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. 1981-இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அவரே முதல் துணைவேந்தரானார்.

மேனாட்டில் இதே வேலை சமயநூல்களில் தொடங்கியது. விவிலியத்திற்குச் சொல்லடைவு பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே டொமினிக்கன் துறவியரால் செய்யப்பட்டது. இத்தாலியப் பாதிரியார் ரொபெர்த்தோ பூசா, தாமஸ் அக்குவினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்ய விரும்பி, 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் சொற்கள். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய வேலை அச்சேறி முடிந்தது 1980-இல்.

சமயநூலை விட்டு அன்றாட எழுத்துக்கு இதனைக் கொணர்ந்தவர்கள் அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ், குசேரா என்னும் இருவர். 1961-ஆம் ஆண்டில் அச்சான ஆங்கில எழுத்திலிருந்து, ஒவ்வொன்றும் சுமார் 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளைத் தெரிந்தெடுத்து, 10 இலட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தை 1964-இல் முடித்தனர். அவ்வைந்நூறில் எண்பது பகுதிகள் கல்வித்துறை எழுத்து. ஆய்வுநடை என்பது செய்தித்தாள் நடையினின்றும் கதை நடையினின்றும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை எண்களால் காட்டும் வாய்ப்பு அங்கே பிறந்தது. இதே அமைப்பைப் பின்பற்றி, 1978-இல் இந்தியாவில் அச்சான ஆங்கிலத்திற்கு ஒரு தரவகம் உருவாயிற்று. அதனைச் செய்தவர் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். வி. சாஸ்திரி. இந்தியர் எழுதும் ஆங்கிலம் பிழைபட்ட ஆங்கிலமா, தனக்கென வழக்குடைய ஆங்கிலமா என்று வெறும் வாயால் வழக்கிட்டுக்கொண்டிருந்தவர்கட்குக் கோலாப்பூர் ஓர் ஆவணம் தந்தது.

இந்திய மொழிகளுக்கான வேலை நம் தலைநகரிலேயே முளைத்தது. 1991-ஆம் ஆண்டளவில் மைய அரசின் மின்னணுவியல் துறை, இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தின்கீழ், ஒவ்வொரு மொழிக்கும் முப்பது இலட்சம் சொற்கள் என்னும் இலக்கோடு தரவகங்களைத் தொடங்கியது. கிட்வாய் நகரிலிருந்து அரவிந்தர் சாலை வழியே தெற்கே சென்றால் வரும் தில்லி ஐ.ஐ.டி., இந்திய ஆங்கிலம், இந்தி, பஞ்சாபி ஆகியவற்றை ஏற்றது. தமிழும் ஏனைய மூன்று திராவிட மொழிகளும் 1969-இல் தோன்றிய மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்திற்குச் சென்றன. 1981 முதல் 1990 வரை அச்சான நூல்களிலிருந்தே பகுதிகள் எடுக்கப்பட்டன. அழகியல், சமூகவியல், இயற்கை அறிவியலும் தொழிற்கல்வியும், வணிகம், அலுவலும் செய்தியும், மொழிபெயர்ப்பு எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. மொழிபெயர்ப்பைத் தனிப்பிரிவாக வைத்தது அறிவுடைமை. நம் மொழியில் நேரே எழுதிய அறிவியலையும் ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் மாற்றிய அறிவியலையும் ஒரே பானையில் இட்டால், பின்னர் எது எதன் சுவை என்று சொல்ல இயலாது.

இனித் தமிழுக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வினைக்கு நான்கைந்து வடிவங்கள் இருக்கும். தமிழில் ‘செய்’ என்னும் ஒன்று செய்தான், செய்தனர், செய்கின்றது, செய்யாத, செய்தமையால், செய்வதற்காகவும் என விரிந்துகொண்டே போகும். புணர்ச்சி இதனோடு சேர்ந்தால் கேட்க வேண்டுவதில்லை. ‘என்பதையறிந்தனர்’ என்று ஒருவர் சேர்த்தெழுதுவார், மற்றவர் பிரித்தெழுதுவார், கணிப்பொறிக்கு இரண்டும் வேறுவேறு. ஆகவே தமிழ்த் தரவகத்தில் எண்ணத் தொடங்குமுன் சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலையாகப் பிரித்தறியும் நிரல் வேண்டும். பவணந்தி முனிவர் பதவியலில் வகுத்த பகுபத உறுப்புகளையே பொறியாளர்கள் இன்று பொறிக்குக் கற்பிக்கிறார்கள். பள்ளியில் ‘நடந்தனன்’ என்பதைப் பிரித்துக் காட்டச் சொன்ன ஆசிரியரை மனத்துக்குள் வைதவர்கள் இதனைக் கவனிக்கலாம்.

எழுத்துருக் குழப்பமும் நீண்டகாலம் நின்றது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கொரு குறியீடு வைத்திருந்த காலத்தில், ஒரு கணிப்பொறியில் தட்டிய தமிழ் மற்றொன்றில் கிறுக்கலாகத் தோன்றும். ஒருங்குறி பரவிய பிறகே இது தீர்ந்தது. இடையில் அயல்நாட்டுத் தமிழர் செய்த தொண்டு பெரிது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டச்சு செய்து உலகிற்கு வழங்கியது. தாயகம் விட்டு வந்தோர் தமிழுக்கு என்ன செய்தோம் என்று நம்மை நாமே நொந்துகொள்ளும் மேடைகளில் இப்பெயரைச் சொல்வாரைக் காண்பது அரிது.

கற்பிக்கும் பக்கத்திற்கு வருவோம். இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டிம் ஜான்ஸ் என்பவர், ஆய்வேடு எழுதத் திணறிய அயல்நாட்டு மாணவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பதை விடுத்து, ஒரு சொல் நடுவில் நிற்க அதன் இருபுறமும் உள்ள தொடர் தெரியுமாறு அச்சடித்த வரிகளைக் கையில் கொடுத்தார். மாணவனே அவ்வரிகளைப் பார்த்து வழக்கைக் கண்டுகொள்ள வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்ளேர் தலைமையில், முழுக்கத் தரவகச் சான்றின்மீது எழுந்த கோபில்டு ஆங்கில அகராதி 1987-இல் வெளிவந்தது. 2000-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், 35 இலட்சம் சொற்கள் கொண்ட கல்வித்துறை எழுத்தை ஆய்ந்து, 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். கல்வித்துறை எழுத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அச்சொற்களே நிரப்புகின்றன. எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்னும் கேள்விக்கு ஆசிரியரின் ஊகம் போய் எண்ணிக்கை வந்தது.

நம் மனத்தை மிகவும் கவர்ந்தது 2004 முதல் 2007 வரை இங்கிலாந்தில் திரட்டிய மாணவர் எழுத்துத் தரவகம். பேராசிரியர் எழுத்தன்று, மாணவர் தம் பாடத்திற்காக எழுதிக் கொடுத்தவை. அவற்றுள்ளும் நல்ல மதிப்பெண் பெற்றவை மட்டும். 2,761 படைப்புகள், 65 இலட்சம் சொற்கள். இதனை ஆய்ந்த ஹிலாரி நெசி, ஷீனா கார்டனர் இருவரும் மாணவர் எழுத்தில் பதின்மூன்று வகைக் குடும்பங்கள் உள்ளன எனக் கண்டனர். ‘கட்டுரை’ என்பது அவற்றுள் ஒன்றே. விளக்கவுரை, திறனாய்வு, செய்முறை விவரம், திட்ட முன்வரைவு, வழக்கின் அலசல் எனப் பல உள. நம் பள்ளிகளில் எல்லாவற்றையும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் ஒரே அச்சில் வார்க்கிறோம். மழைநீர் சேகரிப்பும் மணிமேகலையின் துறவும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன.

தமிழில் ஆய்வுரைக்கு மூலப்பொருள் இல்லையா எனின், நிரம்ப உண்டு. யாழ்ப்பாணத்திற்கு 1847-இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, மானிப்பாயில் மாணவரைப் பயிற்றி, உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழில் நூலாக்கினார். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. கிரீன் கையாண்ட சொற்களையும் கலைக்களஞ்சியச் சொற்களையும் இன்றைய பாடநூற் சொற்களையும் ஒரே தரவகத்தில் இட்டால், எந்தக் கலைச்சொல் நின்றது, எது மறைந்தது என்பது தெரியும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் கூடிப் புதுச்சொல் படைக்குமுன் இதனைப் பார்ப்பது நலம். நூறாண்டுக்கு முன்னர் ஒருவர் படைத்து, மாணவரும் ஏற்றுப் பழகிய சொல்லை மறந்துவிட்டு, நாம் அதனினும் நீண்ட ஒன்றைக் குழு அமைத்துப் படைக்கிறோம்.

இக்காலத் தமிழுக்குச் சூழற்சான்றோடு அகராதி செய்தவர்களுள் ‘க்ரியா’ இராமகிருஷ்ணனுக்குத் தனியிடம் உண்டு. தற்காலத் தமிழ் அகராதியின் முதற்பதிப்பு 1992-இல் வந்தது. விரிவாக்கிய பதிப்பு 2008-இலும் மூன்றாம் பதிப்பு 2020-இலும் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். அச்சில் உண்மையாக வழங்கும் தொடரைப் பார்த்துப் பொருள் எழுதுவது அவ்வகராதியின் நெறி. தமிழாசிரியர் சிலர் அதில் ‘கொச்சை’ புகுந்தது என்று குறை கூறினர். வழங்கும் சொல்லை வழங்குகிறது என்று பதிவது குற்றமாகாது என்பதே நம் கருத்து.

தில்லியில் வளரும் நம் பிள்ளைகளின் நிலையோடு இதனை வைத்துப் பார்க்க வேண்டும். லட்சுமிபாய் நகரிலோ மோதிபாக்கிலோ உள்ள தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்கள் தெரியும். ‘ஆய்வு’ என்றால் என்னவென்று சொல்லும். ஆனால் ஆய்வு ‘மேற்கொள்ள’ வேண்டும், கருத்தை ‘முன்வைக்க’ வேண்டும், சான்று ‘காட்ட’ வேண்டும், ஐயம் ‘எழ’ வேண்டும், மறுப்பை ‘எழுப்ப’ வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் ‘பண்ணும்’, அல்லது இந்தியில் எதை ‘எடுக்கிறார்களோ’ அதைத் தமிழிலும் ‘எடுக்கும்’. மதுரையிலோ நெல்லையிலோ வளரும் பிள்ளை இவ்வுடனுறை சொற்களைக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. செய்தித்தாள், மேடை, கோயிற் சொற்பொழிவு, சுவரொட்டி யாவும் அதற்கு ஆசிரியர். நம் பிள்ளைகளுக்கு அந்தக் காற்று இல்லை. அகராதியும் இந்தக் குறையை முற்றும் தீர்க்காது. சொல் நடுவில் நிற்கும் ஐம்பது வரிகளைப் பிள்ளையின் முன் வைத்தால், சிவப்பு மையால் அடித்துத் திருத்துவதைவிட விரைவில் அது வழக்கைக் கண்டுகொள்ளும். பிழை சுட்டப்பட்ட நாணமும் அதற்கு இராது.

மூலம் எங்கே கிடைக்கும் எனின், 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளை ஒட்டி எழுந்த ‘சோத்கங்கா’ என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தமிழில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல உள்ளன. பழைய எழுத்துருவில் தட்டியவையும், பக்கங்களைப் படமாக எடுத்து வைத்தவையும் ஆகையால், அவற்றுட் பல அப்படியே தேடுதற்கு உதவா. ஆயினும் பக்கங்கள் இருக்கின்றன. இவற்றுள் தேர்வு வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். ‘என்பதில் ஐயமில்லை’ என்னும் தொடரை ஆய்வேடுகளில் தேடிப் பார்ப்பவர், ஐயம் மிகுந்த இடங்களிலேயே அது மிகுதியாக நிற்பதைக் காண்பர். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளை எட்டுத் துறைகளில் எடுத்து ஆய்ந்த கென் ஹைலண்ட், சமூகவியல், மெய்யியல் போன்ற துறைகளில் ‘இருக்கலாம்’, ‘எனத் தோன்றுகிறது’ போன்ற தயக்கக் கிளவிகள் அறிவியல் துறைகளைவிட மிகுதி என்று காட்டினார். சான்று இறுகிய கணக்காக இல்லாதவிடத்து எழுதுபவன் பணிந்து பேசுகிறான். நம் உரையாசிரியர்களின் ‘போலும்’ அந்தப் பணிவே. இடையில் வந்த மேடைத்தமிழ் அதனை நம் எழுத்திலிருந்து துரத்திவிட்டது.

நம் சங்கம் 1946-இல் தோன்றியது. அன்று முதல் வெளிவந்த மலர்களும் சிறப்பிதழ்களும் உறுப்பினர் வீட்டு அலமாரிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதியன கட்டியபோது, வீடு மாறியவர்கள் பழைய தாள்காரரிடம் எடைக்குப் போட்டுச் சென்ற கட்டுகளில் இத்தகைய மலர்களும் போயின. எஞ்சியவற்றைத் திரட்டி, கட்டுரைகளை மட்டும் ஒருங்குறியில் தட்டச்சு செய்தால், வடநாட்டில் வாழ்ந்த தமிழர் பல்லாண்டுக் காலம் எழுதிய உரைநடையின் தரவகம் ஒன்று உருவாகும். கவிதைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு எந்நாளும் ஆதரவாளர் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆண்டு, பொருள், எழுதியவர் தமிழகத்தில் படித்தவரா தில்லியிலேயே படித்தவரா என்னும் மூன்று குறிப்புகள் போதும். தட்டச்சுத் தெரிந்த ஓய்வுபெற்றோர் நம்மிடையே குறைவில்லை. மலர்கள் வைத்திருப்போர் சங்க நூலகத்தில் கொடுத்தால், படி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்யலாம்.